உயிரோடு ஒரு காட்சி

பிரசன்னாவின் படத்தில் பேயாக நடிக்க ஆள் தேடிக் கொடுத்தது பார்கவிதான். அதனால் பிறகு நடந்த எதற்கும் நான் பொறுப்பில்லை என்று அவளால் கையை உதறிவிட முடியவில்லை.

சனி ஞாயிறு வந்துவிட்டால் மெல்பர்னின் மேற்குப் பக்கத்துத் தமிழர்களில் பாதிப் பேர் பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கும் நீச்சல் வகுப்புக்கும் ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார்கள். பிரசன்னா படம் எடுத்துக்கொண்டிருப்பான். வார நாட்களில் ஒரு வங்கியின் மென்பொருளைக் கட்டி மேய்க்கிற வேலை. மனசு முழுக்க சினிமா. ட்ருகனினாவில் அரிசி மூட்டை அடுக்கி வைக்கும் ஒரு கிடங்கை வார இறுதிக்கு மட்டும் வாடகைக்குப் பிடித்து, அதற்குள்ளேயே முழுப் படத்தையும் முடித்துவிடுவதாகத் திட்டம். கதை இதுதான்: ஒரு தமிழ்த் தம்பதி ஒரு பழைய கிடங்கை வாங்குகிறார்கள். அங்கே எப்போதோ மூட்டை அடுக்கும் இரும்பு ரேக் சரிந்து விழுந்து செத்துப்போன பெண் தொழிலாளியின் ஆவி உலாவுகிறது. அது மனைவியைப் பிடித்துக்கொள்கிறது.

"நம்ம ஊர்ப் பேய் வேண்டாங்க. வெள்ளைப் புடவை, மல்லிப்பூ, கொலுசுச் சத்தம்னு எல்லாருக்கும் சலிச்சுப் போச்சு. ஆப்பிரிக்கப் பேய் போட்டா வித்தியாசமா இருக்கும். மெல்பர்ன் கதைன்னும் சொல்லிக்கலாம்" என்றான் பிரசன்னா. "உங்க கிளினிக்ல ஒரு பொண்ணு நடிக்கும்னு சொன்னீங்களே?"

அந்தப் பெண் அச்சோல். பார்கவி ரத்தம் எடுக்கும் கிளினிக்கில்தான் அவள் முன்மேசையில் இருந்தாள். ஆறு வயதில் தென் சூடானிலிருந்து அம்மாவோடு வந்தவள். ஆங்கிலத்தை இங்கே பிறந்தவர்கள் போலவே பேசுவாள். நடிப்புப் பள்ளிக்கூடத்தில் முறையாகப் படித்தவள். அதற்குப் பலனாக அவளுக்கு இதுவரை கிடைத்த வேடங்களை ஒருநாள் மதிய இடைவேளையில் அவளே பார்கவிக்குச் சொல்லியிருக்கிறாள். ஒன்றில் காட்டில் அலையும் ஆவி. ஒன்றில் வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு நல்ல வழி காட்டிவிட்டுக் காற்றோடு கரைந்துபோகும் மந்திரக்காரி. இன்னொன்றில் வெறும் பிணம். சவக்கிடங்கு மேசையில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள், அதற்கே மூச்சை நன்றாக அடக்குகிறாய் என்று பாராட்டினார்கள்.

அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது எல்லாம் ஆங்கிலத்தில்தான். இங்கே தமிழில் கிடக்கட்டும்.

"ஏஜென்ட், நான் நடித்ததையெல்லாம் தொகுத்து வைத்திருக்கும் ஷோரீலைப் பார்த்துவிட்டு, நீ நன்றாகச் செய்கிறாய், ஆனால் நீ உயிரோடு இருக்கிற மாதிரி ஒன்றுகூட இல்லையே என்கிறாள்" என்றாள் அச்சோல். "அம்மா நான் நடித்த எதையும் பார்த்ததில்லை. செத்த மகளைக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டுமா என்று கேட்கிறாள்."

இப்படிச் சொன்னவளிடமே போய், பேய் வேடம் ஒன்று இருக்கிறது, நடிக்கிறாயா என்று கேட்பதற்குப் பார்கவிக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்தது. அச்சோல் யோசித்தாள். பேயாக வருகிறேன், சம்பளம் வேண்டாம், ஆனால் அந்தப் பெண் சாவதற்கு முன்னால் எப்படி இருந்தாள் என்று ஒரு காட்சி வேண்டும் என்றாள். வேலைக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிடுகிறாள், அம்மாவுக்குப் போன் பண்ணிச் சிரிக்கிறாள், எழுந்து போகிறாள். ஒரு நிமிடம் போதும். அதை வெட்டி ஷோரீலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிரசன்னாவுக்கு இதில் நஷ்டம் எதுவும் இல்லை. "பேஷா வச்சுக்கலாம்" என்றான். பார்கவி அதை அச்சோலிடம் போய்ச் சொல்லும்போது தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாள்.

"மேக்கப் நான்தானே. உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன்."

பார்கவியின் மேக்கப்புக்கு அந்தப் பக்கத்தில் நல்ல பெயர். டார்னெட், ட்ருகனினா, பாயின்ட் குக் எங்கே தமிழ்க் கல்யாணம் என்றாலும், மஞ்சள் நீராட்டு என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பெண்ணின் அம்மா முதலில் தலைவாசலிலேயே பிடித்துக்கொண்டு காதில் சொல்வது ஒரே விஷயம்தான்: ரெண்டு ஷேட் தூக்கிக் குடும்மா. அவர்கள் சொல்லாவிட்டாலும் அவள் தூக்கிக் கொடுப்பாள். அவளுடைய சொந்தக் கல்யாணத்தில் திண்டுக்கல் போட்டோக்காரர் அவளை நாலு ஷேட் தூக்கியிருந்தார். ஆல்பத்தைப் பார்த்த ஒன்றுவிட்ட அத்தை, மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கிற இந்தச் சிவத்த பொண்ணு யாரு என்று கேட்டாள். அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் இன்னும் சிரிப்பார்கள். பார்கவியும் சிரிப்பாள்.

படத்துக்குப் பூஜை போட்ட அன்று கிடங்கு வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். கேமராவுக்குக் குங்குமம் வைத்தார்கள். பிரசன்னாவின் மனைவி பத்மா கையில் மைச்சிமிழோடு வந்து, கண் படாமல் இருக்கட்டும் என்று எல்லாருக்கும் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டே போனாள். கதாநாயகி ஹரிப்பிரியாவுக்குக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தாள். ஹரிப்பிரியா வெண்ணெயில் செய்த மாதிரி நிறம். கண் படும் என்று பத்மா உண்மையிலேயே பயந்தாள். அடுத்து அச்சோல் நின்றாள். பத்மாவின் விரல் கன்னம் வரை போய் நின்றுவிட்டது.

"இவங்களுக்கு எங்க வைக்கிறது, வச்சாலும் தெரியவா போகுது!"

எல்லாரும் சிரித்தார்கள். பத்மா கெட்டவள் அல்ல, அன்றைக்கு அச்சோலுக்கு இரண்டாம் முறை கேசரி வைத்தவளும் அவள்தான். பார்கவியும் சிரித்தாள். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அச்சோலும் சிரித்தாள்.

பேய் மேக்கப்பில் பார்கவி ஒரு குறையும் வைக்கவில்லை. நகரத்தில் நாடகக்காரர்கள் வாங்கும் கடைக்குப் போய்ச் சாம்பல் நிறமும் வெள்ளையும் நீலமும் தேடி வாங்கி வந்தாள். உதட்டைச் சுற்றி வெளிறடித்தாள். கண்ணுக்குக் கீழே குழி விழ வைத்தாள். அச்சோலின் தலைமுடி ஒட்ட வெட்டியது. பேய் என்றால் தலையை விரித்துப் போட வேண்டாமா என்று பிரசன்னா ஒற்றைக் காலில் நின்றதால், இடுப்பு வரைக்கும் தொங்கும் விக் ஒன்றையும் மாட்டினாள். முதல் நாள் அச்சோல் ரேக்குக்குப் பின்னாலிருந்து வந்து நின்றபோது ஹரிப்பிரியா நடிக்க வேண்டிய இடத்துக்கு முன்பே கத்திவிட்டாள். அந்த வாரம் முழுக்கப் பார்கவிக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐந்தாவது வார இறுதியில் அந்த ஒரு நிமிடக் காட்சி.

அன்று அச்சோல் சீக்கிரமே வந்துவிட்டாள். கிடங்குத் தொழிலாளியின் ஆரஞ்சுச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டு எடுத்து வந்திருந்தாள். வழியெல்லாம் வசனத்தைத் தன் தாய்மொழியான டிங்காவில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததாகச் சொன்னாள். அம்மாவைப் படம் பார்க்கக் கூட்டி வரப்போவதாகவும் சொன்னாள். முதல் முறையாக.

பார்கவி பெட்டியைத் திறந்தாள். மணப்பெண்களுக்குக் கொண்டு போகிற அதே பெட்டிதான். பேய்க்கென்று தனியாக வாங்கியவள் இதற்கென்று எதுவும் வாங்கவில்லை. உயிரோடு இருக்கிற முகம்தானே, அதற்கு என்ன தனியாக என்று நினைத்தாள். இருந்ததிலேயே அழுத்தமான நிறத்து ஃபவுண்டேஷன் பாட்டிலை எடுத்தாள். அது பார்கவியின் சொந்த நிறத்தைவிடவே ஒரு படி வெளுப்பு.

"என் பையில் என்னுடையது இருக்கிறது" என்றாள் அச்சோல். "எந்த இடத்துக்குப் போனாலும் கொண்டு போவேன். யாரிடமும் என் நிறம் இருக்காது. தரட்டுமா?"

அந்த இடத்தில் சரி என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் பதினைந்து வருஷமாக இந்தத் தொழிலைச் செய்கிறவள், உன் பொருளைக் கொடு என்று இன்னொருத்தியிடம் வாங்கிப் போடுவதா?

"வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்."

இரண்டு பழுப்பைக் கலந்து கூட்டிப் பார்த்தாள். பழக்கம் கொடிது, பாறையிலும் கோழி சீய்க்கும் என்பார்கள். அவளுடைய கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. நெற்றியில் ஒரு தூக்கு, கன்னத்து எலும்பில் ஒரு தூக்கு, மூக்குத் தண்டில் ஒரு கோடு. அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசையைத் தவிர அதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. தனக்குத் தெரிந்த அழகு எதுவோ அதை அவள் அச்சோலுக்கும் போட்டாள்.

அச்சோல் கண்ணாடியைப் பார்த்தாள்.

"இப்படித்தான் இருக்க வேண்டுமா?"

"லைட்டுக்குக் கீழே போனால் படிந்துவிடும்" என்றாள் பார்கவி. அவளுக்கும் அப்போதே உள்ளே லேசாக உறுத்தியது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

லைட்டுக்குக் கீழே அது படியவில்லை. மானிட்டரில் அச்சோலின் முகம் சாம்பல் பூத்துப்போய் இருந்தது. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். சிரித்தபோது முகமூடி சிரித்தது. நாலு வாரமாகச் சாம்பல் வாங்கிப் பூசி வரவழைத்த அதே வெளிறல், இப்போது கேட்காமலே வந்து உட்கார்ந்திருந்தது.

பிரசன்னா தலையைச் சொறிந்தான். "என்னங்க இது, உயிரோட இருக்கும்போதும் பேயாட்டமேல்ல இருக்கு?" இன்னும் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தான். பிறகு பெரிய யோசனை ஒன்று வந்த முகத்தோடு எழுந்தான். "இந்த சீன்ல ஜனங்களுக்குப் பரிதாபம் வரணும். அதுக்கு முகம் லட்சணமா இருக்கணும். ஹரிப்பிரியாவே பண்ணிடட்டும், டபுள் ரோல் மாதிரி. செத்தப்புறம் அந்த உடம்பு கருத்துப் போச்சுன்னு கிராபிக்ஸ்ல காட்டிடலாம். இன்னும் பயங்கரமா இருக்கும்."

ஹரிப்பிரியாவுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆரஞ்சுச் சட்டை இன்னொன்று இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இருந்தது.

"என்ன சொல்கிறார்?" என்று அச்சோல் பார்கவியைக் கேட்டாள்.

பூஜை அன்று கேட்டிருந்தால் பார்கவி வேறு எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். இன்று அப்படியே சொன்னாள், கருத்துப் போச்சு என்பது உட்பட. சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, ஆனால் அந்தக் கோபம் பிரசன்னா பக்கம் முழுசாகப் போக மாட்டேன் என்றது. முகத்தைக் கெடுத்தது அவனா?

அச்சோல் பையை எடுத்துக்கொண்டு கழிவறைப் பக்கம் போனாள்.

ஹரிப்பிரியா வந்து மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பார்கவி பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள். திரும்பக் கீழே வைத்தாள்.

"பிரசன்னா, தப்பு என் கைல. அவ முகத்துல ஒண்ணுமில்ல. நான் அவளுக்கு இல்லாத கலரைப் பூசிட்டேன்."

"இருக்கட்டும் பார்கவி, அத விடுங்க. அஞ்சு மணிக்குக் கெடங்க ஒப்படைக்கணும்."

"லைற்றிலயும் பிழை இருக்கு அண்ணா" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. கபிலன். நோபல் பார்க்கிலிருந்து வரும் யாழ்ப்பாணத்துப் பையன். தேவைக்கு மேல் பேசாதவன். "இவ்வளவு நாளும் நான் ஹரிப்பிரியா அக்காவுக்கெண்டுதான் லைற் வச்சனான். பேயை இருட்டுக்குள்ள நிக்க வச்சாப் போதும்தானே. இவவின்ர முகம் தெரியோணுமெண்டா லைற்றை இறக்கி, பக்கவாட்டில வைக்கோணும்."

"இப்ப நீயுமா?"

பார்கவி பெட்டியை மூடினாள். "அவளுக்கு ஒரு டேக் குடுங்க. ஒண்ணே ஒண்ணு. சரியா வரலைன்னா நானே ஹரிக்குப் போட்டு விடறேன். குடுக்கலைன்னா நான் இன்னைக்கு இந்தப் பெட்டியத் தெறக்க மாட்டேன்."

இது பெரிய வீரம் ஒன்றும் அல்ல. மேக்கப் இல்லாமல் கேமரா முன்னால் வருவதற்கு ஹரிப்பிரியா உயிரே போனாலும் சம்மதிக்க மாட்டாள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். பிரசன்னா கடிகாரத்தைப் பார்த்தான், பத்மாவைப் பார்த்தான். பத்மா, "பாவம், குடுங்களேன்" என்றாள்.

பார்கவி போய்ச் சொன்னதும், அச்சோல் முகத்தைக் கழுவித் துடைத்து, தன் பாட்டிலிலிருந்து தானே ஒரு பூச்சுப் பூசிக்கொண்டு வந்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பார்கவி அருகே போனாள். தொட எதுவும் இல்லை. சட்டைக் காலரை மட்டும் சரி செய்தாள். கபிலன் விளக்கை இழுத்துக் கீழே இறக்கினான்.

ஒரு டேக். அச்சோல் அரிசி மூட்டைகளின்மேல் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். போனில் அம்மாவோடு பேசினாள். அம்மா என்னவோ குறை சொல்லியிருக்க வேண்டும். வாயில் சோற்றோடு கண்ணை உருட்டினாள், சிரித்தாள், விரலை நக்கினாள், மணியாகிவிட்டது என்று எழுந்தாள். கிடங்கில் ஒருவருக்கும் டிங்கா தெரியாது. ஆனால் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், போதும் விடு என்று எல்லாருக்கும் புரிந்தது. மானிட்டரில் அவள் முகம் மினுமினுவென்று, துடைத்து வைத்த குத்துவிளக்கு மாதிரி இருந்தது. பார்கவிக்கு மனசு நிறைந்து போயிற்று.

"ம். ஓகே" என்றான் பிரசன்னா. அவனிடமிருந்து அது பெரிய வார்த்தை.

மூன்று மாதம் கழித்து, வெரிபியில் ஒரு தியேட்டரை ஞாயிறு மதியத்துக்கு வாடகைக்கு எடுத்துப் படத்தைப் போட்டார்கள். ஊர்ச் சனம் முழுக்க வந்திருந்தது. பிள்ளைகள் பாப்கார்ன் டப்பாவோடு முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். அச்சோல் அம்மாவோடு வந்தாள். அம்மா உயரமானவர், நல்ல நாளுக்கு உடுத்தும் நீலப் பூப்போட்ட துணியைத் தோளில் முடிந்திருந்தார். பார்கவி அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதல் முக்கால் மணி நேரம் அம்மா திரையைப் பார்க்கவே இல்லை. மடியில் கைப்பையை வைத்து அதன் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அவருடைய மகள் இருட்டிலிருந்து வந்தாள், கூரையில் தொங்கினாள், முடியை விரித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். அவள் வரும்போதெல்லாம் பிள்ளைகள் வீரிட்டார்கள், பெரியவர்கள் சிரித்தார்கள், மறுபடி வீரிட்டார்கள். பார்கவி செய்த முகம் நன்றாகவே வேலை செய்தது.

பிறகு ஹரிப்பிரியா கிடங்குக்குள் ஓடினாள். ஒரு கதவைத் தள்ளினாள். பார்கவிக்குத் தெரியும், அடுத்தது அந்தக் காட்சி. அச்சோலுக்கும் தெரியும். அம்மாவின் கையைத் தட்டி ஏதோ சொன்னாள். அம்மா தலையை நிமிர்த்தினார்.

திரை முழுக்க அச்சோலின் முகம். நல்ல வெளிச்சத்தில், வாயில் சோற்றோடு, சிரித்துக்கொண்டு.

அரங்கமே அலறியது.

முன்வரிசையில் ஒரு குழந்தை பாப்கார்னைக் கொட்டிவிட்டு அம்மாவைத் தேடி ஓடியது. பத்மா கையால் கண்ணை மூடிக்கொண்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் இவர்கள் அரண்டுகொண்டு வந்தவர்கள் இல்லை. முக்கால் மணி நேரம் உட்கார வைத்து, இந்த முகம் வந்தால் பயப்படு என்று பழக்கிக் கொடுத்திருந்தார்கள். அதில் பாதி தன் கைவேலை என்பது பார்கவிக்கு உறைத்தது. திரையில் அச்சோல் அம்மாவோடு பேசிக்கொண்டே இருந்தாள். கூச்சலும் அதன்பின் வந்த சிரிப்பும் அடங்குவதற்குள் சாப்பாட்டு டப்பாவை மூடி எழுந்துவிட்டாள். அவள் என்ன பேசினாள் என்று ஒருவர் காதிலும் விழவில்லை.

படம் முடிந்ததும் பிரசன்னா வாசலில் நின்று எல்லாரிடமும் கை குலுக்கினான். "அந்த ஃபிளாஷ்பேக் கட்டுக்கு ரெஸ்பான்ஸ் பாத்தீங்களா? தியேட்டரே ஆடிப்போச்சு!" என்று பார்கவியிடம் சொன்னான். அவன் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தான்.

கார் நிறுத்துமிடத்தில் வெயில் கண்ணைக் குத்தியது. அச்சோல் நிதானமாகத்தான் இருந்தாள்.

"கிளிப்பை எனக்கு அனுப்பி வைக்கச் சொல். ஷோரீலுக்கு. அந்தச் சத்தம் எல்லாம் தியேட்டருடையதுதானே, கிளிப்பில் இருக்காது?"

"இருக்காது" என்றாள் பார்கவி.

"அப்படியானால் பரவாயில்லை."

அவள் அம்மா காருக்குள் ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று மகளிடம் ஏதோ கேட்டார். அச்சோல் பார்கவி பக்கம் திரும்பினாள்.

"திரையில் நான் சிரித்துக்கொண்டுதானே இருந்தேன், எல்லாரும் ஏன் கத்தினார்கள் என்று கேட்கிறாள். நீயே சொல். நான் அவளுக்குச் சொல்கிறேன்."

பார்கவி வாயைத் திறந்தாள். பொய் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை.

"பயந்துட்டாங்கன்னு சொல்லு" என்றாள், தமிழிலேயே. பிறகு அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

அச்சோல் அதை டிங்காவில் சொன்னாள். அம்மா மகளின் முகத்தை நன்றாக ஒரு தடவை பார்த்தார். பிறகு பார்கவியைப் பார்த்துக் கேட்டார். இரண்டே வார்த்தை.

"எதைப் பார்த்து என்கிறாள்" என்றாள் அச்சோல்.